சம்பந்தியின் நாற்காலியில் உட்கார்ந்தவன்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அம்மையார் அவர்களே! அட்டையும் பென்சிலுமாய்ப் புல்லிலும் புதரிலும் புனலிலும் இறங்கி நடந்த பறவைக் கணக்கெடுப்புச் சங்கத்தின் அருமை உறுப்பினர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தவர்களே! விடியும் முன்னே உறுப்பினர்களைக் கிளப்பி அனுப்பிவிட்டு, அரைத் தூக்கத்தில் கதவைச் சாத்திய அன்னையர்களே! தேநீர் எப்போது வரும் என்று கடைசி வரிசையில் கண் இமைக்காமல் காத்திருக்கும் கண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையல் மெஷின் மெக்கானிக்கின் பணிவான வணக்கம்.

சற்று முன் நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். மேடை ஏறியவுடன் நடுநாயகமாக இருந்த மெத்தை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். செயலாளர் ஓடி வந்து என் காதோரம் குனிந்து, "சார், இது உங்க சம்பந்திக்குப் போட்டது. உங்களுக்கு அந்த ஓரத்துல பிளாஸ்டிக் நாற்காலி" என்றார். ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் மைக் அவர் கையில் இருந்தது.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். என் சம்பந்தியும் சிரிக்கிறார் பாருங்கள். எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் அவர் சிரிப்பார். யோசித்துச் சிரிக்கிற மனிதர்!

"விஷயத்துக்கு வாங்கண்ணே" என்று அங்கிருந்து ஒரு தம்பி குரல் கொடுக்கிறார். வந்துவிட்டேன் தம்பி. விஷயமே அந்த நாற்காலிதான்.

எனக்குப் பொறாமை. வெட்கமில்லாமல் சொல்கிறேன். சிலருக்குப் பொறாமை வயிற்றில் எரியும் என்பார்கள். எனக்குச் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி. நடக்கலாம், ஓடக்கூடச் செய்யலாம், ஆனால் அடிக்கு அடி ஞாபகப்படுத்திக்கொண்டே வரும்.

எனக்கு ஒரே மகள். பறவைகளைப் பற்றிப் படித்து, பறவைகளையே வேலையாக ஆக்கிக்கொண்டவள். கட்டிக்கொடுத்தோம். மருமகன் தங்கமானவர், ஆனால் அலாரம் அடித்தால் கண்ணைத் திறக்காமலே அதன் கழுத்தை நெரிக்கும் ஆற்றல் படைத்தவர். இந்தக் கணக்கெடுப்புக்கோ இரண்டிரண்டு பேராகத்தான் போகவேண்டும். என் மகள் யாரை அழைத்தாள்? தோளில் தூக்கித் திரிந்த தகப்பனையா? காய்ச்சலுக்குக் கண்விழித்த தகப்பனையா? இல்லை ஐயா, இல்லை! மாமனாரை அழைத்தாள்! பணி ஓய்வு பெற்ற தபால்காரரை அழைத்தாள்!

அன்று முதல் எங்கள் வீட்டுத் தொலைபேசி என்ன ஆனது தெரியுமா?

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சுப்பா. இன்னிக்கு மாமா என்ன பண்ணாரு தெரியுமா? முக்குளிப்பான் தண்ணிக்குள்ள போச்சு. அது எங்க எழும்பும்னு முன்னாடியே சொல்லிட்டாரு!"

"ஓ."

"நாணலுக்குள்ள தாழைக்கோழி குஞ்சுங்களோட போச்சுப்பா. அதையும் மாமாதான் முதல்ல பார்த்தாரு!"

"ஓஹோ."

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

உடம்புக்கு என்ன? உடம்பு உருக்கு! உள்ளே இருந்ததுதான் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. போனை வைத்ததும் என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தி மேல உங்களுக்கு என்ன கோவம்? நம்ம பொண்ண அவரு மக மாதிரிப் பாத்துக்கிறாரு."

"அதுதாண்டி பிரச்சினை! மக மாதிரிப் பாத்துக்க நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

"இருக்கீங்க. கடையில இருக்கீங்க."

அதோ, மூன்றாம் வரிசையில் அவளே இருக்கிறாள், கேட்டுக்கொள்ளுங்கள். தலையாட்டுகிறாள் பார்த்தீர்களா! என் பக்கம் பேச இந்த மண்டபத்தில் ஒரு ஜீவன் இல்லை.

ஒரு நாள் பழப்பையோடு மகள் வீட்டுக்குப் போனேன். தலைக்குமேல் ஒரு நாரைக் கூட்டம் போனது. கெட்டிக்காரன் மாதிரி கேட்டேன்: "இதையும் எழுதிக்குவீங்களாம்மா?"

"இல்லப்பா. மேல பறந்து போறத அந்த நெலத்துக் கணக்குல சேர்க்கக் கூடாது. இறங்கணும், மேயணும், கொஞ்ச நேரம் இருக்கணும். அப்பதான் அது அந்த நெலத்துப் பறவை."

அவள் பறவையைத்தான் சொன்னாள். ஆனால் நான் யார்? மாதம் ஒரு முறை வருவேன். பையை வைப்பேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கடையில் ஆள் இல்லை என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். பறந்துவிடுவேன். அவரோ அங்கேயே இறங்கியவர், அங்கேயே இருப்பவர். அவளோடு காலைக் காபி குடிப்பவர். கணக்கில் சேருகிறவர் அவர். கடந்து போகிறவன் நான்! சொல்லுங்கள், பெரியோர்களே, பெற்றவனுக்கு இது பொறுக்குமா?

பொறுக்கவில்லை. அப்படி என்னதான் கிழிக்கிறார் என்று பார்த்துவிடத் துணிந்தேன். வேவு பார்க்கவே துணிந்தேன்! சாம்பல் நிறச் சட்டையை மாட்டினேன். வழுக்கை மின்னினால் காட்டிக்கொடுக்கும் என்று சாம்பல் நிறத் துண்டால் தலையை மூடினேன். இருட்டோடு போய், சதுப்பு நிலத்தை ஒட்டிய புல்வெளியில், ஒரு புதருக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

பொழுது புலர்ந்தது. இருவரும் வந்தார்கள். இந்தச் சங்கத்தின் இரண்டு விதிகள் உங்களுக்குத் தெரியும். என்னோடு வந்த தையற்கடைக்காரர்களுக்காகச் சொல்கிறேன். போய் நின்றதும் எண்ணக் கூடாது. பறவைகள் நம்மை மறக்கும்வரை வாய் பேசாமல் நிற்க வேண்டும். அடுத்தது, ஒருவர் சொன்னால் போதாது. இருவரும் அறிந்து, இருவரும் ஆமாம் என்றால்தான் அந்தப் பறவை தாளில் ஏறும்.

நின்றார்கள். அந்த நிற்றலைச் சொல்லவா! என் மகள் மௌனமாக நின்று நான் பார்த்ததே இல்லை. அவரோடு நின்றாள். உள்ளான்கள் சேற்றோரம் ஓடின. தகைவிலான்கள் தாழப் பறந்தன. அப்போது, என் காதுக்கு அருகிலேயே, புதருக்குள் ஒரு கதிர்க்குருவி குரல் கொடுத்தது. எப்படிப்பட்ட குரல்? எண்ணெய் வற்றிய மெஷினில் ஊசி ஏறி இறங்கும் சத்தம் மாதிரி, மெல்லிசான, கூர்மையான, நூல் போன்ற குரல். காற்று கொஞ்சம் பலமாக வீசினால் காணாமல் போகும் குரல்!

அங்கே நின்ற என் சம்பந்தியின் விரல் எழுந்தது. வலம் போகவில்லை, இடம் போகவில்லை. நேராக நான் ஒளிந்திருந்த புதரை நோக்கி எழுந்தது!

"கதிர்க்குருவி" என்றார்.

"நானும் கேட்டேன் மாமா. எழுதிக்கட்டுமா?"

"எழுதும்மா."

என்ன காது! என்ன கவனம்! என்ன நிதானம்! அன்பர்களே, ஒரு கைதட்டல் அவருக்குக் கொடுங்கள். இன்னும் பலமாக! அவருக்குக் கேட்கட்டும்!

நல்லது. அதோடு நான் நழுவியிருக்கலாம். ஆனால் எறும்புகள் என்று ஒரு இனம் இருக்கிறதே, அவற்றுக்கு என் முழங்காலுக்கு மேல் அவசர வேலை வந்துவிட்டது. நான் நெளிந்தேன். புதர் அசைந்தது. சம்பந்தி பைனாகுலரைத் தூக்கினார்.

"அம்மாடி, அங்க பெருசா என்னமோ உக்காந்திருக்கு. சாம்பல் நெறம். கழுத்தையே காணோம். நாரையா இருக்குமோ? அடிபட்டிருக்கும் போல, பாவம்."

என் மகள் வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அது நாரை இல்ல மாமா. எங்கப்பா."

எழுந்தேன். வேறு வழி? நான் எழ, உள்ளான்கள் எழ, கொக்குகள் எழ, அந்த நிலத்தில் இருந்த அத்தனை உயிரும் எழுந்து அடுத்த ஊருக்குப் போயின. அன்றைய காலை வேலை அத்தோடு பாழ். மகள் தாளை மடித்து வைத்தாள். சம்பந்திதான் என் முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "கூப்பிட்டிருந்தா நானே வண்டியில ஏத்திட்டு வந்திருப்பேனே, சம்பந்தி!"

அவர் நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! நல்லவர்மேல் பொறாமைப்படுவது போல ஒரு பாடு உலகத்தில் கிடையாது. திட்டவும் முடியாது, விடவும் முடியாது.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். இந்தக் கூட்டம் முடியுமுன் தலைவர் அம்மையார் அடுத்த பருவத்துக்கான ஜோடிகளை அறிவிக்கப் போகிறார். குடும்பத்தார் கேட்டால் ஆளை மாற்றித் தருவார்கள் என்று செயலாளரிடம் விசாரித்து வைத்திருந்தேன். இந்த மேடையில், உங்கள் எல்லாரையும் சாட்சியாக வைத்து, "என் மகளோடு இனி நான் போகிறேன்" என்று கேட்கத்தான் வந்தேன். சட்டைப் பையில் புது பென்சில் இருக்கிறது. இதோ!

கேட்கப் போவதில்லை.

ஏன்? நான் போனால் பறவை நிற்குமா? வாயை மூடிக்கொண்டு என்னால் நிற்க முடியுமா? முடியாது என்று என் வீட்டுக்காரி கை தூக்குகிறாள். ஆகவே தலைவர் அவர்களே, பெற்ற தகப்பனாகவே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவமும் அவர்களே போகட்டும்! அதற்கடுத்த பருவமும் அவர்களே போகட்டும்! புல் முளைக்கும் காலமெல்லாம், நீர் நிற்கும் காலமெல்லாம், அந்த மாமனாரும் அந்த மருமகளும் அருகருகே நிற்கட்டும்! இந்தப் பென்சிலைச் சம்பந்திக்கே தருகிறேன். கூர் சீவித்தான் வைத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் நாற்காலிக்காரனைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், மைக்கைக் கடைசியில் என்னிடம் கொடுத்த செயலாளருக்கும், இதோ வந்துவிட்ட தேநீருக்கும், ஈரத்தையும் புல்லையும் நம்பி இறங்கிவரும் எல்லாச் சிறகுகளுக்கும் என் நன்றி. வணக்கம்.

இவ்வளவும் நான் பேசியது. கைதட்டல் நடுவே பென்சிலைச் சம்பந்தியிடம் நீட்டினேன். அவர் என் மகளின் முகத்தைப் பார்த்தார், அவள் சிரித்த பிறகு சிரித்தார், வாங்கிக்கொண்டார். படி இறங்கும்போது, உரக்கச் சொல்லாத ஒன்றை மனசுக்குள் மகளிடம் சொல்லிக்கொண்டேன்.

அம்மா, புதருக்குள்ளிருந்து நான் எல்லாம் பார்த்தேன். கதிர்க்குருவி கத்தியபோது அவர் தண்ணீர்ப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மெல்லிய குரல் அவர் காதுக்கு எட்டவில்லை. உன் முழங்கை அவர் கையை லேசாகத் தொட்டது. உன் பென்சில் முனை புதர் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் அவர் விரல் எழுந்தது. அந்த நாற்காலிமேல்கூட எனக்கு இவ்வளவு பொறாமை இல்லை, அந்த முழங்கைமேல்தான்.