ஜன்னலுக்கு வெளியே மூன்றாம் ஓலை

எட்னா: நீங்களா! முட்டைக்கோசுக்கு மண் அணைக்கப் போறேன்னு சொன்ன மனுஷன் இங்க என்ன பண்றீங்க?

வில்ஃப்: நீ மட்டும் என்னவாம்? தலைவலி, படுத்துக்கறேன்னு சொன்னவ... சர்ச்சுக்குப் பின்னாடி கரிக்குவியல் மேல ஏறி நிக்கற. அதுவும் புதுத் தொப்பியோட!

எட்னா: மெதுவா! உள்ள கேட்டுடப் போகுது.

வில்ஃப்: உள்ளதான் பாட்டுப் போடறாங்களே. தள்ளு, எனக்கும் கொஞ்சம் இடம் குடு.

எட்னா: வேணாம், போங்க. பாதிரியார் வாசிக்கற சொந்தக் கல்யாண ஓலைய சொந்தக் காதால கேட்டா, பொறக்கற புள்ள ஊமையாப் போகும்.

வில்ஃப்: உனக்கு நாப்பத்தெட்டு. எனக்கு அம்பத்திமூணு. எந்தப் புள்ளைக்கு இப்பவே பயப்படற?

எட்னா: சிரிக்காதீங்க. சாஸ்திரம் சாஸ்திரந்தான். அதான் நான் கேக்க வரல... பாக்க வந்தேன். ஜன்னல்ல இந்த ஒரு சதுரத்துல மட்டும் கலர்க் கண்ணாடி போயி வெறும் கண்ணாடி இருக்கு. பாதிரியார் உதடு நல்லாத் தெரியுது.

வில்ஃப்: அது சரி. மில்லுத் தறிச் சத்தத்துல முப்பது வருஷம் உதட்டப் பாத்தே வம்பு பேசினவளாச்சே.

எட்னா: கோட்டுப் பட்டன எதுக்குக் கழுத்து வரைக்கும் மாட்டறீங்க?

வில்ஃப்: குளிரு.

எட்னா: ஜூன் மாசத்துலயா?

வில்ஃப்: ...காலையிலேர்ந்து வயித்துக்குள்ள என்னவோ பண்ணுது எட்னா. ரெண்டு பூட்ஸயும் கால் மாத்தி மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன்.

எட்னா: எங்கப்பா அதுக்குக் காலிவாபிள்ஸ்னு பேரு சொல்வாரு. வயித்துக்குள்ள யாரோ தறிய ஓட்டி விட்ட மாதிரி. எனக்கு விடிகாலைலேர்ந்து நாலு தறி ஓடுது.

வில்ஃப்: ரெண்டு ஞாயிறு ஓலை வாசிச்சப்ப இல்லாத பயம் இன்னிக்கு மட்டும் என்ன?

எட்னா: நீங்கதான் சொல்லணும். உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?

வில்ஃப்: ...டோரீன்.

எட்னா: பொண்ணு என்ன சொன்னா?

வில்ஃப்: அம்மா போயி மூணு வருஷம் ஆகல, அதுக்குள்ள உங்களுக்கு ஒருத்தியான்னா. தடை இருந்தா சொல்லுங்கன்னு பாதிரியார் கேப்பாரில்ல, அப்ப எந்திரிச்சு நிப்பேன்னுட்டுப் போயிருக்கா.

எட்னா: சட்டப்படி அது தடையாகுமா?

வில்ஃப்: ஆகாது. ஆனா ஊரே பாக்க அவ எந்திரிச்சு நின்னுட்டா... நீ சனிக்கிழமை கல்யாணத்துக்கு அந்த சர்ச் வாசப்படி ஏறுவியா?

எட்னா: ஏற மாட்டேன். பெத்த பொண்ணு அழ அழ அவ அப்பன் கையப் புடிக்க மாட்டேன்... இருங்க, இருங்க! பாட்டு நின்னுடுச்சு. புஸ்தகத்தத் திறக்கறாரு.

வில்ஃப்: டோரீன் எங்க?

எட்னா: மூணாவது வரிசை. நீலக் கோட்டு. அவ அத்தை பக்கத்துல. தலைய இடிக்காதீங்க, என் தொப்பி!

வில்ஃப்: பாதிரியார் என்ன சொல்றாரு?

எட்னா: "வில்ஃப்ரட் ஹார்க்கர், மனைவியை இழந்தவர்..." உங்க பேர அழகாச் சொல்றாரு. "எட்னா பிக்கிள்ஸ், கன்னிகை." ஐயோ, பின்வரிசையில பொம்பளைங்க சிரிக்கறாளுங்க பாருங்க. நாளைக்கு மில்லுல இருக்கு எனக்கு.

வில்ஃப்: அப்புறம்?

எட்னா: "மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்..." கேட்டுட்டாரு. நிறுத்தறாரு.

வில்ஃப்: ஏன் இவ்வளவு நேரம் நிறுத்தறாரு!

எட்னா: கைய நசுக்காதீங்க.

வில்ஃப்: டோரீன் முன் பெஞ்சப் புடிக்கறா. எந்திரிக்கறா எட்னா...

எட்னா: பாதிதான். பாதிதான் எந்திரிச்சா... உக்காந்துட்டா. உக்காந்துட்டா வில்ஃப்! அடுத்த ஜோடி பேர வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. முடிஞ்சுது.

வில்ஃப்: அப்பாடா. என்னப் புடிச்சுக்கோ, கரி சரியுது.

எட்னா: அழறீங்களா?

வில்ஃப்: கரித்தூசி. அவ அத்தைகிட்ட ஏதோ சொல்றாளே, என்ன அது?

எட்னா: அது... கேக்கு. கல்யாணக் கேக்க அவளே செய்யறாளாம். ரேஷன் சர்க்கரைய ரெண்டு மாசமா சேத்து வெச்சிருக்காளாம்.

வில்ஃப்: டோரீனா?

எட்னா: ஆமா. திராட்சை கூட வாங்கிட்டாளாம். மேல வெள்ளைப் பூச்சுப் பூசி...

வில்ஃப்: மூணே மூணு வார்த்தைதான் சொன்ன மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள இவ்வளவு சர்க்கரையா?

எட்னா: அவ வேகமாப் பேசறவ. வாங்க இறங்கலாம், கூட்டம் வெளிய வந்துரும்.

வில்ஃப்: எட்னா.

எட்னா: அட, வாங்கன்னா.

வில்ஃப்: அவ சொன்னது "சனிக்கிழமை வர மாட்டேன்." நீ என்ன சொல்வேன்னு பாக்கத்தான் கேட்டேன். கேக்கும் இல்ல, திராட்சையும் இல்ல.

எட்னா: ...உங்களுக்கு எப்படி...

வில்ஃப்: அவகிட்ட நான் போய்ப் பேசறேன். அவ பாதியில உக்காந்தாளே, அதுவே எனக்காகத்தான். இன்னிக்கு வரமாட்டேன்னவ சனிக்கிழமைக்குள்ள மாறலாம், மாறாமலும் போகலாம். நீ அவளுக்காகப் பொய் சொல்லிச் சுமக்க வேணாம்.

எட்னா: உங்களுக்கு உதடு படிக்கத் தெரியுமா? இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லல?

வில்ஃப்: பதினாறு வருஷமா மில்லு பஸ்ல டிக்கெட் கிழிக்கறேன். மில்லுக்காரிங்க உதட்டப் பாத்துப் பாத்தே வந்துருச்சு. வெளிய சொன்னா ஒரு மில்லுக்காரி என் பஸ்ல ஏறுவாளா?

எட்னா: கடவுளே... அந்த பஸ்ல நான் என்னென்ன பேசியிருக்கேன்!

வில்ஃப்: போன நவம்பர், மழ நாளு. முன் சீட்டுல இருந்த உன் சிநேகிதிகிட்ட வாயசைச்ச: "இந்தக் கண்டக்டர் ஒருத்தர்தான் மூஞ்சியப் பாத்து டிக்கெட் குடுக்கறார். இவர் கட்டிக்கறியான்னு கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்." ...இல்லேன்னா உன்கிட்ட வந்து கேக்கற தைரியம் எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்ச?