கனகரத்தினத்தின் விசைப்பலகைகளும் என் பொய்யும்

பெருமதிப்புக்குரிய தலைவர், பாடசாலை அதிபர் ஜுனைதீன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, துணைவர் கனகரத்தினத்தை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் றோசம்மா அவர்களே, தலைமன்னாரிலிருந்தும் பெரியமடுவிலிருந்தும் பஸ் பிடித்து இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உறவுகளே! உங்கள் அனைவருக்கும் இரத்தினமாகிய என் தாழ்மையான வணக்கம்.

மீள்குடியேறியோரின் பெயர்களைப் பதியும் எங்கள் அரச அலுவலகத்தில், அந்தக் கந்தோரில், தட்டச்சாளர் கனகரத்தினத்துக்கு ஏழு வருடம் மேலதிகாரியாக இருந்தவன் நான். அந்தத் தகுதியில்தான் என்னைப் பேச அழைத்தார்கள். என்ன தகுதி அது!

கனகரத்தினம் யார்? கணினியின் பழைய விசைப்பலகைகளைச் சேர்த்த மனிதர். முப்பது வருடத்துக்கு முந்தியவை. உள்ளே இரும்புத் தகடு, ஒவ்வொரு விசைக்கும் ஒரு சுருள்கம்பி. கொழும்பில் மூடிய கந்தோர்களின் கழிவிலிருந்தும், வவுனியாவில் பழைய சாமான் கடைகளிலிருந்தும் பதினான்கு சேர்த்திருந்தார். விசைகளைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, சுளகில் காயவைப்பார். பார்த்துவைக்க அல்ல, பாவிக்க! கிழமைக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் தட்டுவார். அந்தச் சத்தம் வாசல் வரை கேட்கும்.

எனக்கு அது பிடிக்காது. "கனகரத்தினம், இது கந்தோரா, கொல்லன் பட்டறையா?" என்று எத்தனை தரம் எல்லோர் முன்னாலும் கேட்டிருப்பேன்! அவர் சிரிப்பார். ஆனால் வெளியே வாங்கில் காத்திருந்த சனத்துக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த மேரி ரோஸ் அக்கா ஒருநாள் சொன்னா: "தம்பி, என்ர பேர் ஏறின சத்தம் இஞ்ச வரைக்கும் கேட்டது."

அந்தப் பெயருக்கு நான் என்ன செய்தேன்?

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆவணி. கனகரத்தினம் மடுத் திருவிழாவுக்கு லீவில் போயிருந்தார். மேரி ரோஸ் அக்காவின் கணவர் இராசேந்திரத்துக்குக் காணி பெரியமடுவில். ஆகவே அந்தக் குடும்பத்தைத் தலைமன்னார் வீட்டுத்திட்டப் பட்டியலிலிருந்து பெரியமடுப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். நான் கனகரத்தினத்தின் கதிரையில் இருந்தேன். கணினித் திரையில் தலைமன்னார்ப் பட்டியலிலிருந்து பெயரை வெட்டினேன். பெரியமடுவில் ஒட்ட வேண்டும். அந்த விசைப்பலகையில் விசை முழுதாக இறங்கி 'டக்' என்றால்தான் எழுத்து விழும். நானோ அதைப் பழித்தவன். பக்கத்து மேசைகளுக்குக் கேட்டால் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டு, பூனை நடப்பதுபோலத் தட்டினேன். ஒட்டுப்படவில்லை. சரிபார்க்காமலே சேமித்து அனுப்பினேன். அந்தக் குடும்பம் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போயிற்று.

பட்டியலில் இருந்தவர்களுக்கு வீடுகள் வந்தன. அவர்களுக்கு மட்டும் வரவில்லை. இரண்டு மாரி, அன்பர்களே! இரண்டு மாரி மழைக்கும் அவர்கள் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்தார்கள்.

விசாரணை வந்தபோது, பெயரை மாற்றியது நான்தான் என்று அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தப் பழைய இரும்புகள்தான் பெயரைத் தின்றிருக்கும். வேண்டாம் என்று பல தரம் சொன்னேன், கனகரத்தினம் கேட்கவில்லை" என்றேன். கூசாமல் சொன்னேன்!

அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சேர், சத்தம் கேக்காட்டி எழுத்து விழேல்லை எண்டு அர்த்தம். நான் கேக்காமல் விடமாட்டன்." எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். பதினான்கு விசைப்பலகைகளையும் பழைய இரும்புக்காரரின் லொறியில் ஏற்ற உத்தரவிட்டவன் நான். ஒவ்வொன்றாகத் தூசி துடைத்து ஏற்றியவர் அவர். பிறகு நாலு வருடம், இதயம் நிற்கும்வரை, சத்தமில்லாத ஒரு பிளாஸ்டிக் பலகையில் தட்டினார். காலையில் எனக்கு வணக்கம் சொல்ல ஒருநாளும் தவறவில்லை.

அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். செத்தவீட்டில் றோசம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "அவருக்குத் தெரியும் சேர். அவர் லீவில மடுவுக்குப் போயிருந்த நாளின்ர திகதிதான் பேர் மாத்தின அந்தப் பைலில கிடந்தது. 'சேர்தான் தட்டினவர். மெல்லமாத் தட்டிப்போட்டார், பாவம். மூண்டு பொம்பிளைப் பிள்ளையளின்ர தகப்பன், வேலை போனா என்ன செய்வார்' எண்டவர்."

பாவம் என்றாராம்! என்னை!

சபையோரே, நான் வெட்கப்படுகிறேன். நாலு வருடம் அவர் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொன்ன இந்த வாயை நினைத்து வெட்கப்படுகிறேன்.

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி முடிப்பது முறை. அவர் பணி எது? ஒரு பெயரும் தவறாமல் பதிவது. அதில் நான் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தவறு என்னுடையது, அவருக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தைக் கந்தோர் மீளப் பெற வேண்டும் என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டேன். தலைவர் அவர்களே, இதோ ஒரு பிரதி உங்களுக்கு. திங்கட்கிழமை மூலத்தைக் கந்தோரில் கொடுப்பேன். வேலை போனால் போகட்டும்.

இராசேந்திரம் அண்ணை, மேரி ரோஸ் அக்கா, நீங்கள் பின்வரிசையில் இருப்பது எனக்குத் தெரிகிறது. இப்போது இறங்கி உங்களிடம்தான் வருகிறேன். கந்தோரில் என்னைக் கண்டால், எத்தனை மணித்தியாலம் காத்திருந்தாலும், எழும்பி நின்றுதான் கதைப்பீர்கள். இண்டைக்கு எழும்பாதேங்கோ. நீங்கள் இருங்கோ, நான் நிக்கிறன்.