வெள்ளியா, செம்பா?

ஸ்பீக்கர் கேபிள் வாங்குவதில் அவசரப்படக் கூடாது. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். அதனால்தான் கரியாஹாட் ஆடியோ கடைக்காரர் இரண்டையும் என்னிடம் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். ஒன்று வெள்ளி, இன்னொன்று செம்பு. "நிதானமாகக் கேட்டுப் பாருங்கள், உத்தமன் பாபு. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தாருங்கள்" என்றார். அவர் வைத்த நம்பிக்கையை நான் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறேன்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னது பெரிய உதவி. என் வங்காளம் காய்கறிக் கடையோடு சரி. மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் சங்கீத ஞானம் உள்ளவராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் விஷயத்தின் அருமை போய்விடும்.

நானும் என் மனைவி சுலோசனாவும் பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். அரசு நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. எதையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. கேபிளும் அப்படித்தான். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவேன். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் சுலோசனா உட்கார்ந்து கேபிளைக் கழற்றி மாட்டுவாள். எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது என்பதைக் காதை மட்டும் வைத்துக்கொண்டு நான் சொல்ல வேண்டும். விஞ்ஞான முறை என்பது இதுதான். வெள்ளியில் வயலின்காரர் மூச்சு விடுவது கேட்கும். செம்பில் அவர் மூச்சே விடுவதில்லை. ஆனால் செம்பில் ஒரு கனம் உண்டு. எதை விட்டு எதை எடுப்பது என்பதுதான் என் கஷ்டம்.

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு" என்றாள் சுலோசனா முதல் நாள். எனக்குப் பாவமாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி காது அமைவதில்லை.

முதல் நாளே ஒரு தொல்லை தெரிந்தது. ஸ்பீக்கரில் லேசாக 'ம்' என்று ஓர் இரைச்சல். சாதாரண ஆளுக்குக் கேட்காது. காரணத்தைத் தேடிப் பிடித்தேன். எர்த் ஒயர் வழியாக வந்துகொண்டிருந்தது. மீட்டர் பெட்டியைத் திறந்து, வீட்டுக்கு வரும் எர்த் ஒயரைக் கத்தரித்து, நுனியில் இன்சுலேஷன் டேப்பும் சுற்றிவிட்டேன். அதன் பிறகு வந்த நிசப்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாளே சுலோசனா ஆரம்பித்தாள். "ஏங்க, பிரிட்ஜைத் தொட்டா சுருக்குங்குது. உங்க பாட்டுப் பெட்டியைத் தொட்டாலும் அதே மாதிரிதான் இருக்கு."

"மனப்பிரமை சுலோ" என்றேன். இல்லாததை உணர்வது மனித இயல்பு. இதை அவளுக்குப் பொறுமையாகவே விளக்கினேன்.

ஆனாலும் சோதிக்காமல் விடுபவன் இல்லையே நான். அவள் காளிகாட் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் டெஸ்டரை எடுத்துப் பிரிட்ஜ் கதவில் வைத்தேன். பல்பு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. பிரிட்ஜில் எங்கோ கசியும் கரண்ட் போக வழியில்லாமல் வீட்டிலுள்ள எல்லா இரும்பிலும் ஏறி நிற்கிறது என்று புரிந்தது. எர்த்தை மறுபடி இணைத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த 'ம்' திரும்ப வந்துவிடும். அந்த இரைச்சலை வைத்துக்கொண்டு வெள்ளியையும் செம்பையும் எடை போடுவது கடைக்காரருக்குச் செய்யும் துரோகம். கேபிளைத் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும்தானே என்று டெஸ்டரை எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

நான் அக்கறை இல்லாதவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள் என்று அவளிடம் சொன்னேன். "சமையக்கட்டுல சாமி படம் இருக்கு. செருப்புக் காலோட எப்படிப் போறது?" என்றாள். அது அவளுடைய நம்பிக்கை. நான் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் புகார் சொல்லவில்லை. கேபிள் மாற்றுவதிலும் நல்ல வேகம் வந்துவிட்டது. நான் கண்ணைக் கட்டிய சூட்டோடு "மாத்திட்டேங்க" என்பாள். "இது வெள்ளி" என்பேன். "ஆமாங்க, வெள்ளிதான்" என்பாள். ஒரு தடவைகூட நான் தவறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே கொட்டித் தீர்த்தது. பவானிபூரில் மழை என்றால் தண்ணீர் தெருவோடு நிற்காது. சமையலறைச் சாக்கடைத் துளை வழியாக வீட்டுக்குள் ஏறியது. எனக்குக் கவலையில்லை. கேபிள் தரையில் பட்டால் நாதம் கெடும் என்பதற்காக அதை ஏற்கெனவே தேக்குக் கட்டைகளின் மேல் தூக்கி வைத்திருந்தேன். சொட்டு ஈரம் படவில்லை. மறுநாள் கேபிளைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்ததால் அன்று எப்படியும் முடிவெடுத்தாக வேண்டும். சுலோசனாவை மாற்றச் சொன்னேன். "மாத்திட்டேங்க" என்றாள். தோடி ஆலாபனை ஒன்றைப் போட்டேன். வெள்ளி என்று முதல் இழுப்பிலேயே தெரிந்தது.

சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, பிரிட்ஜுக்கு அடியில தண்ணி போகுது. மெயினை ஆஃப் பண்ணுங்களேன், பயமா இருக்கு."

மெயினை அணைத்தால் ஆம்ப்ளிஃபயர் ஆறிவிடும். காலையிலிருந்து சூடேற்றி வைத்திருந்தது. திரும்பவும் அந்தப் பதத்துக்கு வர எவ்வளவு நேரமாகும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

"பிளக்கை நீயே பிடுங்கிடு சுலோ" என்றேன்.

"அதுக்குப் பிரிட்ஜை நகர்த்தணுமே. ஷாக் அடிக்குமேங்க."

"ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல."

இருபத்தாறு வருடங்களில் அவள் என் பேச்சைத் தட்டியதில்லை. அவள் வெறுங்காலோடு தண்ணீரில் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பல்பு எரிந்ததும் தெரியும். கத்தரித்தது நான்தான். இவற்றில் எதையும் நான் மறைக்கவில்லை.

அவள் கத்தியது கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் என் காதைப் பற்றிப் பொய் சொல்ல மனம் வரவில்லை. வயலின் இடது பக்கம், தம்புரா வலது பக்கம், அவள் குரல் இவற்றுக்கெல்லாம் பின்னால், தனியாக, துல்லியமாக. ஒன்றோடு ஒன்று கலக்கவே இல்லை. செம்பாக இருந்திருந்தால் மூன்றும் குழம்பியிருக்கும். வெள்ளியையே வாங்குவது என்று அந்த நிமிடம் முடிவெடுத்தேன். இத்தனை நாள் குழப்பம் தீர்ந்ததில் மனசு லேசாகிவிட்டது. ஆலாபனையை இடையில் நிறுத்துவது வித்வானுக்கு மரியாதையில்லை என்பதால் முடியும்வரை இருந்தேன். பிறகு போய் மெயினை அணைத்தேன். அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

இனி, நேற்று இன்ஸ்பெக்டர் சொன்ன விஷயம். மாடி வீட்டு அமலா தீதியிடம் சுலோசனா அரைகுறை வங்காளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாளாம். "அந்தப் பெட்டியைத் தொட்டா ஷாக் அடிக்குது தீதி. அதனால நான் ஒயரை மாத்தறதே இல்ல. ஷாக் அடிச்ச நாளிலேருந்து செம்புதான் மாட்டியிருக்கு. மாத்திட்டேன்னு சொன்னாப் போதும், அவரே வெள்ளிங்கறார், அவரே செம்புங்கறார். நான் ஆமாம்னு சொல்லிடுவேன்." போலீஸ் வந்தபோதும் ஆம்ப்ளிஃபயரில் இருந்தது செம்புதானாம். வெள்ளி அதன் பெட்டிக்குள் சுருட்டியபடி இருந்ததாம்.

சட்டம் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இந்த ஒன்றை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. சுலோசனாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அமலா தீதிக்குத் தமிழும் தெரியாது, சங்கீதமும் தெரியாது. வந்த போலீஸ்காரர்களில் யாரோ கேபிளை மாற்றி மாட்டியிருக்க வேண்டும். அதையும் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அன்று ஓடியது செம்பு என்றால், வெள்ளியை நான் கேட்கவே இல்லை என்றால், என் மனைவி ஒன்றுமில்லாததற்காகச் செத்திருக்கிறாள் என்று ஆகும். அப்படி ஒரு காரியத்தைச் செய்கிற மனிதன் நான் இல்லை. ஆகவே அது வெள்ளிதான்.