பல்லில் ஒட்டிய சம்மதம்

கஞ்சிக்கோட்டில் ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே நான் காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டேன்.

"உன்ற தங்கச்சியைப் பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் கேசரி கிண்டாதே அம்மணி. எக்லேர்ஸ் மிட்டாய் வாங்கி வை."

"ஏனுங்கக்கா, அது பள்ளிக்கூடத்துல பொறந்தநாளுக்குக் குடுக்கறதில்லீங்களா?"

"அதேதான். மேல சாக்லேட்டு, உள்ள பல்லுல ஒட்டற கேரமெல். என்ற மகளைப் பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட பெரியம்மா நொட்டை சொல்லிட்டே இருந்தாங்க. செவுத்துல ஈரம்னாங்க, பொண்ணு குட்டைன்னாங்க. தட்டுல இந்த மிட்டாயைப் பாத்ததும், சின்ன வயசுல டிவி விளம்பரத்துல பாத்து ஏங்குனதுன்னு ரண்டை ஒண்ணா வாயில போட்டுட்டாங்க."

"அப்பறம்?"

"தாடை ஒட்டிக்கிச்சு. அந்த நேரம் பாத்து எங்கூட்டுக்காரரு, எல்லாருக்கும் சம்மதந்தானுங்களான்னு கேட்டாரு. அந்தம்மா வாயத் தொறக்க முடியாம தலைய மட்டும் ஆட்டுனாங்க. எப்படி ஆட்டுனாங்களோ, நாங்க வெத்தலை பாக்கு மாத்திட்டோம்."

இளையவர் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"இப்ப மக நல்லா இருக்குதுங்களா?"

"அந்தப் பெரியம்மாதான் அவளைத் தாங்கு தாங்குன்னு தாங்கறாங்க."

பிறகு இளையவர் மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு எட்டுப் பேரு வர்றாங்கக்கா. அதுல யாருக்குக் குடுக்கறது?"

"மொதல்ல யாரு செவுத்தைப் பாக்கறாங்களோ, அவங்களுக்கு."