ஏகாதசிக்கு கிளப்பில் கண் விழித்தவள்

"வைகுண்ட ஏகாதசியும் அதுவுமா கிளப்புல போய் ஆடியிருக்கியே கயல்" என்று முன் சீட்டு அம்மாள் பக்கத்திலிருந்த பெண்ணிடம் அடிக்குரலில் கேட்டாள். ஏகாதசி கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் மன்னார்குடியில் பெருமாளைச் சேவித்துவிட்டு திருவாரூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

"ராத்திரி தூங்கக்கூடாதுன்னு போன்ல சொன்னது நீங்கதானே அத்தை. லண்டன்ல நான் இருக்கிற பக்கம் கோயில் இல்லை. கூட வேலை பாக்கிற பொண்ணுங்க கூப்பிட்டாங்க, போனேன்."

"அப்படி என்ன பாட்டு?"

"யூகே கராஜ்னு பேரு. தவில்காரர் நடுவுல ஒரு அடியை விட்டுட்டு வாசிப்பாரே, அந்த மாதிரி. தூக்கம் கிட்டவே வராது. பச்சைத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு விடிய விடிய ஆடினேன்."

"சாயங்காலம் பொண்ணு பார்க்க வர்றவங்க விரதக்காரங்க, கேப்பாங்க. பஜனையில உக்காந்திருந்தேன்னு சொல்லிடு."

"விரதம் இருந்துட்டுப் பொய் சொல்லணுமா?"

"எழுந்து போயிடுவாங்கடி."

அந்தப் பெண் செல்போனை எடுத்து மாப்பிள்ளையையே கூப்பிட்டாள். நான் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தேன்.

"ஏகாதசிக்கு லண்டன்ல ஒரு கிளப்புல ஆடித்தான் கண் முழிச்சேங்க. உங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. அப்புறமும் வர்றதா இருந்தா வாங்க, கேசரி கிண்டுறோம்."

கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு போனை மடியில் போட்டாள்.

"என்னடி சொன்னாரு?"

"சக்கரையைக் குறைச்சுப் போடணுமாம். அவங்கப்பாவுக்கு ஆகாதாம்."