மூணு தெரு தள்ளி

— வேற எந்தப் பையன வேணா சொல்லு கவிப்பிரியா, கட்டி வெக்கிறேன். எண்ணூர் குப்பத்துப் பையன் மட்டும் வேணாம்.

— நீயே அந்தக் குப்பத்துல பொறந்தவதானேம்மா?

— அதனாலதான் சொல்றேன் கண்ணு. நான் பொறந்தப்போ கடலுக்கும் எங்க ஊட்டுக்கும் நடுவுல மூணு தெரு. வலை காயப்போட மணல் வேற. ஒவ்வொண்ணா கடல் எடுத்துகினு போச்சு. உங்கப்பாவ கட்டிகினு நான் இங்க ஐயப்பன்தாங்கலுக்கு வந்த மறு வருசம், எங்க ஊடும் பூட்ச்சு.

— இப்ப கரை முழுக்கப் பாறாங்கல் கொட்டியிருக்காங்கம்மா. பரத் வீடு அதுக்கு இந்தப் பக்கம்.

— கல்லு இன்னா பண்ணும்? நீ அங்க படுத்துகினு இருந்தா எனக்கு இங்க தூக்கம் வருமா? பயமா கீது கண்ணு.

— போன மாசம் நான் போயிருந்தப்போ மீன்பிடிக்கப் போன ஒரு போட்டு நேரத்துக்குத் திரும்பி வரலை. அது வர்ற வரைக்கும் தெருவுல ஒரு வீட்லகூட அடுப்பு பத்த வைக்கலை. இங்க மேல் வீட்ல யார் இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?

— இன்னும் அப்டியா கீறாங்க? எங்கப்பா வர லேட்டான அன்னிக்கும் அப்டித்தான். பக்கத்தூட்டுக்காரி கைப்புள்ளைக்கு மட்டும் கஞ்சி வெச்சா. அதுவும் எங்கம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு.

— அந்த ஊர்லதாம்மா வாழணும்னு கேக்கறேன்.

— ம். சரி. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வரச்சொல்லு.

— வரமாட்டாங்கம்மா.

— ஏன், இன்னாவாம்?

— பரத்தோட அம்மாவுக்கு இஷ்டமில்லை. உன்ன அவங்களுக்குத் தெரியுமாம். நாகவல்லி பொண்ணுன்னா சந்தோஷந்தான், ஆனா ஏரிக்குள்ள வீடு கட்டியிருக்காங்களே, மழை வந்தா மொட்டை மாடியில குடியிருக்காங்களே, தலைப்பிரசவத்துக்குப் பொண்ண எப்படி அங்க நம்பி அனுப்பறதுன்னு கேக்கறாங்க.

— இன்னா பேச்சு இது? எப்பவோ ஒரு தபா தண்ணி வந்துச்சு.

— மூணு தபாம்மா. ஃப்ரிட்ஜ் மிதந்துச்சு.

— மிதந்தா இன்னா, நாம போயிட்டமா? நாளிக்கு நானே போயி அவகிட்ட பேசறேன். வழிய மட்டும் நீ சொல்லு கண்ணு. எனக்குத் தெரிஞ்ச வழி எங்க தெரு வழியாத்தான் போவும்.