லியோன் சேரின் சருகு முறை

தலைவர் கறுப்பையா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, அக்குறணையிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் ஸெய்னுலாப்தீன் நானா அவர்களே, சேரின் மனைவி தெரேசா அக்கா அவர்களே, தெல்தோட்டை மேற்பிரிவுத் தேயிலைத் தோட்ட லய வீடுகளின் உறவுகளே! வணக்கம்.

மின்சங்கச் செயலாளர் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசத் தெம்பில்லை. ஆனாலும் நம்மை விட்டுப் போன லியோன் சேருக்காக நிற்கிறேன்.

கண்டியில் தொழில்நுட்பம் கற்பித்தவர். ஓய்வுபெற்ற பிறகு நம் ஓடையில் நீர்மின் சக்கரம் பூட்டி லயங்களுக்கு வெளிச்சம் தந்தவர். பதிலுக்கு அவர் கேட்டது என்ன? மாலையா? மேடையா? ஞாயிறு காலையில், முறைக்கு ஒரு வீடு, வாய்க்கால் சல்லடையை அடைக்கும் சருகை வார வேண்டும். அந்தச் சருகு முறை மட்டும்தான்!

பிறகு தேர்தல் வந்தது. டீசல் ஜெனரேட்டரும் வந்தது. பொத்தானை அழுத்தினால் போதும், மழையில் இறங்க வேண்டாம். யாருக்குத்தான் பிடிக்காது? தண்ணீர் எங்கே போய்விடும், வேண்டும்போது திறந்துகொள்ளலாம் என்று சருகு முறையைக் கைவிட்டோம்.

டீசல் தட்டுப்பாடு வந்தது. நமக்கு எண்ணெய் கொண்டுவந்த நானாவுக்கே சேர் போன் கோல் எடுத்தார்.

"ஒரு கேன் சரி கிடைக்குமா நானா?"

"டீசல் எங்க ஈக்கிது சேர்? என் லொறியே படுத்துக் கெடக்கு. ஒங்களுக்குத்தான் ஓடை ஈக்கிதே!"

ஓடை இருந்தது. வாய்க்கால் எங்கே இருந்தது? மண் மூடி, மானாப்புல் முளைத்துக் கிடந்தது! அந்த வயதில் மண்வெட்டியோடு முதலில் இறங்கியவர் யார்? லியோன் சேர்! அவருக்குப் பின்னால்தான் நாம். சக்கரம் மறுபடி சுற்றியது, சருகு முறையும் திரும்பியது.

அவர் ஓடையை ஒருநாளும் உயர்த்திப் பேசியதில்லை. பங்குனி வறட்சியில் மின்குமிழ் மங்கும்போது நம் லயத்துப் பாலம்மா அக்கா கேட்பார்:

"என்னா சேர், ஒங்க கரண்டும் தவக்காலம் இருக்குதா?"

"இருக்குது பாலம்மா. டீசல் வெயிலுக்குப் படுக்காது. ஆனா எரிஞ்சா முடிஞ்சிச்சு, திரும்ப வாங்கணும். ஓடை படுக்கும், மழை பேஞ்சா எழும்பும். நாம எழும்புறமாங்கிறதுதான் கேள்வி."

இப்போது அரசாங்க மின்கம்பி வந்துவிட்டது. மலைத் தண்ணீரும் அதில் ஓடுகிறது. கப்பலில் வரும் நிலக்கரியும் எண்ணெயும் ஓடுகின்றன. நம் சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள். வாதாட எனக்குத் தெம்பில்லை. களைத்துப்போன வீட்டுக்கு ஒரு சுவிட்ச் எவ்வளவு ஆறுதல் என்று எனக்கும் தெரியும். சேர் மட்டும் களைக்காதவரா? வராத வீடுகளின் முறையையும் தானே செய்து, களைப்போடுதான் போய்ச் சேர்ந்தார்.

வருகிற ஞாயிறு முறை யாருடையது? அவருடையது! நேற்றுத் தெரேசா அக்கா கேட்டார்: "இந்த மழைக்குச் சல்லடை அடைச்சிருக்குமே, யாரு போறா?"

இப்போது சொல்கிறேன், அக்கா. நான் போகிறேன்.

அதற்கடுத்த ஞாயிறு யார்? அஞ்சலிக்கு எழும்புமுன் ஒருவர் சொல்லுங்கள். எனக்குக் கால் வலிக்கிறது. ஆனாலும் ஒரு கை உயரும்வரை இங்கேயே நிற்கிறேன்.